கொண்டியில் கட்டிய துண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் கதவின் கொண்டியில் துண்டு கட்டியிருந்தால், நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் உள்ளே தூங்குகிறான் என்று பொருள். அதைப் பார்த்துவிட்டால் மீன்காரம்மா கூவ மாட்டாள். சிலிண்டர் கொண்டுவருகிறவன் உருளையைத் தரையில் உருட்டாமல் தோளில் தூக்கிப் போவான். குழந்தைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த சந்துக்கு நகர்ந்துவிடும். பதினாலு வீட்டு ஆம்பளைகளுக்கும் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறுவதால் துண்டும் வீடு மாறிக்கொண்டே இருக்கும். ஆறாம் நம்பர் வீட்டுத் துண்டை மட்டும் பத்து மாதமாக யாரும் அவிழ்க்கவில்லை. மழையிலும் வெயிலிலும் கிடந்து அதன் முடிச்சு கட்டை தட்டிப் போயிருந்தது.

அது ராபினுடைய வீடு. கம்பி உருட்டும் ஆலையில் பர்னஸ் ஆபரேட்டர். போன ஜூலையில் அவன் மனைவி விக்டோரியா காய்ச்சலில் விழுந்து பதினோரு நாளில் போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே, தனக்கு வருகிற பகல் வாரங்களை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு நைட் ஷிப்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். கூட வேலை செய்யும் சடையப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"மெய்யாலுமா சொல்ற? வாரா வாரம் நைட்டு நீயே பாத்துக்கிறியா? சாமி மாதிரிப்பா நீ."

சாமியும் இல்லை பூதமும் இல்லை. பகலில் விழித்திருக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். பகலில் விழித்திருந்தால், அடுப்படியில் ஆள் இல்லாதது தெரியும். ராத்திரி உலைக்கு முன்னால் நின்றால் எதுவும் தெரியாது. ஒருநாள் தீப்பொறி பறந்து முழங்கைக்குக் கீழே சட்டையைப் பொசுக்கித் தோலையும் பொசுக்கியது. "டேய், கை வேவுதுடா" என்று சடையப்பன் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ராபின் குனிந்து பார்த்தான். வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை.

விக்டோரியா இருந்தவரை அந்த வீட்டில் ஜெபம் அவளுடைய இலாகா. "அன்புள்ள அப்பா" என்று தொடங்கினாள் என்றால் அரை மணி நேரம் அசையமாட்டாள். அவர்களுடைய சபையில் எல்லோருமே கடவுளை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் ராபின் வராந்தாவில் நின்று அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா, அப்பா, அப்பா. பதில் இல்லை. அவள் போன பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டான். கோபித்துக்கொண்டு விட்டான் என்றால்கூடப் பரவாயில்லை. சண்டைக்காவது ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். இவனுக்குக் கோபமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவான், எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பான், உட்காரச் சொன்னால் உட்காருவான், வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வான்.

மகள் பெனிட்டாவுக்கு ஒன்பது வயது. ராத்திரிகளில் பக்கத்து வீட்டு ஈஸ்வரியோடு படுத்துக்கொள்வாள். காலையில் அங்கேயே நாஷ்டா தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். குக்கர் விசிலுக்கு அப்பா எழுந்துவிடக் கூடாது என்று அவளே குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ஈஸ்வரி வீட்டில் வைத்துவிட்டாள். 'அப்பா தூங்குறாரு, எழுப்பாத' என்று அம்மா சொல்லிக் கொடுத்ததை அம்மா போன பிறகு இரண்டு மடங்காகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் பாதத்தைப் பதித்து நடப்பதையே மறந்துவிட்டாள்.

சாயங்காலம் நாலேகாலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பாள். கையைக் கட்டிக்கொண்டு, காற்று வெளியே போகிற அளவுக்கு மட்டும் வாயைத் திறப்பாள்.

"அப்பா, எழுந்துக்காதப்பா. சும்மா சொல்லிட்டுப் போறேன். மேத்ஸ்ல பதினெட்டு. இருவதுக்கு. ஈஸ்வரி ஆன்ட்டி கருவாட்டுக் கொயம்பு குடுத்தாங்க, மூடி வெச்சிருக்கேன். டைரில சைன் வேணும். தலகாணி கிட்ட வெச்சிட்டுப் போறேன்."

வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆறு மணிக்கு ராபின் எழுந்து கையெழுத்துப் போட்டு டைரியை ஃபிரிட்ஜ் மேல் வைப்பான். அப்பனுக்கும் மகளுக்கும் இடையே நடந்த பேச்சு பத்து மாதமாக இவ்வளவுதான்.

இதில் பெனிட்டாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் கால்மாட்டில் வந்து நிற்கும் பெரும்பாலான நாட்களில் ராபின் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

முதல் தடவை அது தற்செயலாக நடந்தது. அவள் செருப்பைக் கழற்றும்போதே விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் ஏதாவது சொல்லவேண்டும். சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் மூடியே வைத்திருந்தான். மறுநாளும் மூடியே வைத்திருந்தான். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. மூச்சை எப்படி இழுத்து எப்படி விட்டால் தூங்குகிற மாதிரி இருக்கும் என்பதெல்லாம் கைவந்த கலையாகிவிட்டது. பெற்ற பிள்ளையிடம் தினமும் நாலேகாலுக்கு நாடகம் போடுவது வெட்கப்படவேண்டிய காரியம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர, வெட்கம் வரவில்லை. ஒருநாள் அவள், "ராத்திரி கனவுல அம்மா வந்தாங்கப்பா, புது நைட்டி போட்டுக்கினு இருந்தாங்க" என்றாள். அன்றைக்கும் ராபின் மூச்சை ஒழுங்காக இழுத்து ஒழுங்காக விட்டான்.

ஏப்ரலில் அவனுடைய அக்கா கிறிஸ்டினா கடம்பத்தூரிலிருந்து வந்தாள். இரண்டு நாள் தங்கினாள். மூன்றாம் நாள், ராபின் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது வழிமறித்தாள்.

"இன்னாடா ஊடு இது? அந்தப் புள்ள சிரிச்சாக்கூட வாயப் பொத்திக்கினு சிரிக்குது. நான் ஒரு தும்மல் தும்முனதுக்கு ஓடியாந்து, அத்த, மெதுவா தும்முங்கன்றா. நான் கூட்டிக்கினு போறேன். அங்க ஸ்கூல்ல சேத்துக்கிறேன்."

"சரிக்கா."

"யோசிச்சி சொல்றா."

"யோசிச்சிட்டேன்."

அவன் யோசிக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். மேற்கொண்டு சண்டை போட்டுப் பார்த்தாள். சுவரோடு யார் எவ்வளவு நேரம் சண்டை போடமுடியும்? மே மாதத்திலேயே டிசி வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெனிட்டாவை அழைத்துப் போவதென்று முடிவானது. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் ஒரு ஜெபம், ஆறு மணி வண்டிக்குப் பயணம்.

போனால் அவ்வளவுதான் என்று ராபினுக்குத் தெரிந்திருந்தது. லீவுக்கு வருவாள், விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போவாள். கால்மாட்டில் வந்து நிற்க ஆள் இருக்காது. அவன் மிச்ச காலத்துக்கும் படுத்துக்கிடக்கலாம், ஏன் என்று கேட்க நாதி இருக்காது. இதெல்லாம் தெரிந்தும், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளுடைய துணிகளை அக்கா பையில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தான். உள்ளே எங்கேயாவது ஏதாவது பிசைகிறதா என்று தனக்குத்தானே சோதித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

நாலு மணிக்குப் பாஸ்டர் சாம்சன் வந்தார். வாரத்தில் ஆறு நாள் ஒரு ரப்பர் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை அவருக்கு. பார்க்கிற பொருளில் பாதியை ரிஜெக்ட் என்று தள்ளிவைக்கிற மனிதர், ஏழாம் நாள் சபையில் ஒருத்தரையும் தள்ள மாட்டார். குடித்துவிட்டு வருகிறவனுக்கும் முன்வரிசையில் இடம் கொடுப்பார். அப்பேர்ப்பட்டவர் வாசலில் துண்டைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டார். குரல் தானாகத் தாழ்ந்தது.

"ராபின் தூங்குதா?"

"இல்ல பாஸ்டர், முழிச்சிக்கினுதான் இருக்குது. முடிச்சு அவுக்க வரல, அதான். வாங்க" என்றாள் ஈஸ்வரி. நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவளும் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பெனிட்டாவைப் பிரிவதில் அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

சபையிலிருந்து வந்த ஆறேழு பேரும் காரணம் புரியாமலே பூனைநடை நடந்து வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பாட்டுத் தொடங்கியபோது ஒரு பெண் டேம்பரினைக் கையில் எடுத்தாள். ஒரே ஒரு தட்டுத்தான் தட்டியிருப்பாள். பெனிட்டா எட்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிவிட்டாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்திருந்த ராபினைப் பார்த்தாள், டேம்பரினை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். பாட்டு முணுமுணுப்பாக ஓடி முடிந்தது.

அந்தச் சபையில் ஒரு பழக்கம். ஊரைவிட்டுப் போகிறவர்தான் அன்றைய ஜெபத்தை ஆரம்பிக்கவேண்டும். கல்யாணமாகிப் போகிற பெண்ணானாலும், வேலை கிடைத்துப் போகிற பையனானாலும் அதுதான் முறை.

"பெனி, நீ ஆரம்பிம்மா" என்றார் பாஸ்டர்.

"எனக்குப் பெரிய ஜெபம்லாம் தெரியாது பாஸ்டர்."

"பெரிய ஜெபம் இன்னாத்துக்கு? அவர் நம்ம அப்பாம்மா. ஊட்ல உங்கப்பாகிட்ட நீ எப்டிப் பேசுவியோ, அப்டியே பேசு. அது போதும் அவருக்கு."

நூறு பிள்ளைகளிடம் அவர் இதைச் சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வெட்கம் விட்டுக் கலகலவென்று பேசியிருக்கின்றன. எந்த வீட்டில் வைத்துச் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்கு அப்போது உறைக்கவில்லை.

"அப்டியேவா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"அப்டியேதாம்மா."

எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். ராபினும் மூடிக்கொண்டான். கண்ணை மூடுவதற்கு அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பாயிலிருந்து பெனிட்டா எழுவது கேட்டது. நுனிக்காலில் நடப்பது கேட்டது. நடை கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றது. வழக்கமான இடம்.

"அப்பா" என்றாள். காற்று மட்டும் வெளியே வருகிற அந்தக் குரலில். "எழுந்துக்காதப்பா. சும்மா சொல்லிட்டுப் போறேன்."

தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து ராபின் கண்ணைத் திறந்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முகத்தை ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்துத் தூக்கி வைத்திருந்தாள்.

"அம்மா அங்கதான் இருக்காங்க. உனக்கு அவங்களால பேஜாரு இருக்காதுப்பா. நீ தூங்குறப்ப சத்தம் போடக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கே அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

கிறிஸ்டினாவின் தொண்டையில் ஏதோ சத்தம் எழுந்து பாதியில் அடங்கியது.

"அம்மாவுக்கு ஜுரம் வந்தப்ப எல்லாரும் சத்தமா ஜெபம் பண்ணாங்க. பாஸ்டர் கத்திக்கூடப் பாத்தாரு. நீ எழுந்துக்கல. உனக்கும் நைட் ஷிப்ட்டு போலக்குது. அசதியா இருந்திருக்கும். பரவால்லப்பா, நான் தப்பா நெனச்சிக்கல."

பாஸ்டர் சாம்சன் கண்ணைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"நான் அத்த ஊட்டுக்குப் போறேன். இனிமே இங்க சத்தமே இருக்காது. எங்கப்பா நல்லா தூங்கலாம். குக்கர் ஈஸ்வரி ஆன்ட்டி ஊட்ல இருக்குது, எங்கப்பா தேடுனா சொல்லிடு. அப்புறம், நான் ஒண்ணு கேக்கணும். நான் போனா எங்கப்பாவுக்கு என்னைத் தேடுமா? இப்ப சொல்ல வேணாம். தலகாணி கிட்ட வெச்சிட்டுப் போறேன். எழுந்தப்புறம் சொன்னா போதும். ஆமென்."

ஒருத்தர் வாயிலிருந்தும் ஆமென் வரவில்லை. ஈஸ்வரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கதவைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ராபினுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வலித்தது. ஒரே பக்கமாகப் படுத்து மரத்துப்போன காலில் ரத்தம் திரும்ப ஓடும்போது எப்படிக் குத்துமோ அப்படி. நிற்கவும் முடியாது, தேய்த்துவிடவும் முடியாது. நெஞ்சு, கழுத்து, தாடை என்று ஏறிக்கொண்டே போனது. பொசுங்கிப் போன முழங்கைத் தழும்புகூட அன்றைக்குத்தான் சுட்டது போல எரிந்தது.

"பெனி" என்றான். அவனுடைய குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "நான் முழிச்சிக்கினுதாம்மா இருக்கேன்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணில் பயம்.

"சாரிப்பா. எழுப்பிட்டேனா?"

"இல்லம்மா. எழுப்பல." கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தான். "எப்பவுமே முழிச்சிக்கினுதான் இருந்தேன். நீ வந்து வந்து சொல்லுவியே, அப்பல்லாம்."

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெனிட்டா நெற்றியைச் சுருக்கி, கணக்குப் போடுகிறவள் மாதிரி அவனையே பார்த்தாள்.

"மேத்ஸ்ல பதினெட்டு சொன்னனே, அப்பவா?"

"அப்பவும்."

"அம்மா கனவுல வந்தது?"

"புது நைட்டி போட்டுக்கினு வந்தாங்கன்ன."

"அப்ப ஏம்ப்பா பேசல?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவனிடம் ஒரு பொய் இருந்தது, அசதி என்று. அதைத்தான் அவள் ஏற்கெனவே கடவுளுக்கு இரவல் கொடுத்துவிட்டாளே.

"தெர்லம்மா. இன்னா சொல்றதுன்னு தெர்ல. அதான் படுத்துக்கினே இருந்துட்டேன்."

பெனிட்டா வழக்கப்படி கையைத் தூக்கி வாயைப் பொத்தப் போனாள். கை பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பத்து மாதமாக அந்த வீடு கேட்டிராத சத்தம். ஓவென்று, வாயைப் பிளந்து, மூக்கு ஒழுக, நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். அடுத்த சந்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து, துண்டு கட்டின வீட்டில் யாருடா இப்படிக் கத்துவது என்று எட்டிப் பார்த்தன. ஒருத்தரும் அவளை அடக்கவில்லை.

ராபின் கட்டிலிலிருந்து இறங்கினான். அவளைத் தூக்கிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இந்தப் பத்து மாதத்தில் அவள் வளர்ந்திருந்தாள். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அவளாகவே அவன் தோளில் வந்து மோதினாள்.

"அக்கா" என்றான். "அவ எங்கயும் வரல. கோச்சிக்காத."

"கோச்சிக்கிறதாடா?" என்று கிறிஸ்டினா மூக்கைச் சிந்தினாள். "நீ ஷிப்ட்ட மாத்து மொதல்ல."

"நாளைக்கே சடையப்பன்கிட்ட பேசிடுறேன்."

இவ்வளவு நடந்தும் அவனுக்கு அழுகை வரவில்லை. குத்தல் மட்டும் நிற்காமல் இருந்தது. அது போய்விடக் கூடாதே என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாஸ்டர் சாம்சன் பிரசங்கத்துக்கு என்று குறித்து வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். தான் சொன்னதால் வந்தது இதெல்லாம் என்று அவருக்கு ஒரு பக்கம் குறுகுறுப்பு. இனி எந்தப் பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னாலும் முதலில் அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

"முடிவு ஜெபம் ஊட்டுக்காரர் பண்ணணும்" என்றார் மெதுவாக. "முடிஞ்சா பண்ணு ராபின். முடியலன்னா வேணாம்."

வாசலில் ஈஸ்வரி காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து துண்டின் முடிச்சை அறுத்துக்கொண்டிருந்தாள். கட்டை தட்டின துணி கரகரவென்று சத்தம் போட்டது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். ராபின் மூடவில்லை. மூடினால் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. மகளுடைய தலைமேல் கையை வைத்துக்கொண்டு, அவள் பார்த்த அதே கூரையைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வராந்தாவோடு விட்டுப்போன சொல்லை நாக்கு தேடியது.

"அப்பா" என்றான்.

"நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். நானும் ஒரு புள்ளைக்கு அப்பன்தான். எல்லாத்தயும் கேட்டுக்கினு, இன்னா சொல்றதுன்னு தெரியாம, கண்ண மூடிக்கினு படுத்துக்கினு இருந்தியா நீயும்?"

பாஸ்டர் தடுக்கவில்லை.

"நான் எழுந்துட்டேன்ப்பா. நீயும் எழுந்துக்க."

ஆமென் சொல்லலாமா கூடாதா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். அவன் தோளில் முகத்தைப் புதைத்திருந்த பெனிட்டாதான் அழுகைக்கு நடுவே சொன்னாள். நல்ல சத்தமாகச் சொன்னாள்.